பசுமை என்னும் அடைமொழி: நகரமைப்புக் கலைச்சொற்களின் தமிழாக்கம் பற்றிய ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

நகரமைப்புத் துறை சார்ந்த ஆவணங்களைத் தமிழில் பெயர்க்கும் பணி கடந்த கால் நூற்றாண்டில் பெருகியுள்ளது. முழுமைத் திட்ட வரைவுகள், கட்டட விதிகள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள், பொதுமக்கள் கருத்துக்கேட்பு அறிவிக்கைகள் எனப் பல வகை உரைகள் மொழிபெயர்ப்பாளரிடம் வருகின்றன. நகரத்தின் கட்டமைப்பிலும் கட்டட வடிவமைப்பிலும் இயற்கைக்கு இடம் அளித்தல் என்னும் கருத்து இவ்வுரைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. அக்கருத்தைச் சுமக்கும் தமிழ்ச் சொற்கள் சிலவற்றைப் பொருண்மை நோக்கில் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

இது சொல்லழகு பற்றிய ஆய்வு அன்று. 2020ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் நடுவணரசுக்கு ஆணையிட்டது. தமக்கு விளங்கும் மொழியில் வரைவு கிடைத்தாலன்றி மக்கள் அதன்மேல் கருத்துரைக்க இயலாது என்பதே அவ்வாணையின் பின்னுள்ள நியாயம். ஆயின், மொழிபெயர்ப்பு கிடைத்தும் பொருள் விளங்கவில்லை எனில் நிலைமை என்ன? தன் ஊர் ஏரி எப்பெயரால் வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளது என்று அறியாத ஒருவர் ஆட்சேபம் எழுத இயலாது. எனவே கலைச்சொல்லின் குறை சட்ட உரிமையின் குறையாகவும் ஆகிவிடுகிறது.

1. உள்கட்டமைப்பு

இன்று பெருவழக்காக உள்ள தொடர் 'பசுமை உள்கட்டமைப்பு' என்பது. இது முழுமையான கடன்மொழிபெயர்ப்பு. மூலத்தொடரின் பின்கூறு, 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் இருப்புப்பாதையின் அடித்தளப் பணிகளைக் குறிக்கத் தோன்றியது; பின்னர் ஆங்கிலத்தில் சாலை, பாலம், குழாய், மின்கம்பி ஆகியவற்றின் தொகுதிப் பெயராயிற்று. அதன் முன்னொட்டு 'கீழ்' என்னும் பொருளது. தமிழாக்கத்தில் 'கீழ்' என்பது 'உள்' ஆயிற்று. உள், கட்டு, அமைப்பு என்னும் மூன்று கூறுகளைக் கொண்ட இச்சொல், ஒன்றன் அகத்தே கட்டப்பட்டதைக் குறிப்பது போலத் தோன்றினும், வழக்கின் வலிமையால் நிலைபெற்றுவிட்டது. அதை மாற்ற முயல்வது வீண் முயற்சி.

ஆராயத்தக்கது, 'பசுமை' என்னும் அடை சேர்ந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதே. இத்தொடரைக் கையாண்ட தொடக்ககால ஆவணங்களுள் ஒன்றாக அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1994இல் வெளிவந்த ஓர் ஆணைய அறிக்கை சுட்டப்பெறுகிறது. காடும் ஆற்றுப்படுகையும் சாலைக்கும் குழாய்க்கும் நிகரான தேவைகள். அவற்றையும் திட்டமிட்டு, நிதி ஒதுக்கி, பராமரிக்க வேண்டும் என்று வாதிடவே பொறியாளர் சொல்லோடு 'பச்சை' என்னும் அடை இணைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் இது இயற்கை சார்ந்த பரப்புகளின் திட்டமிட்ட வலைப்பின்னல் என்று வரையறுக்கப்பட்டது. 'வலைப்பின்னல்' என்பதே இவ்வரையறையின் உயிர்க்கூறு. தனித்து நிற்கும் ஒரு பூங்கா பசுமை உள்கட்டமைப்பு ஆகாது. மழைநீர் ஓரிடத்தில் இறங்கி, மற்றோரிடத்தில் தங்கி, மிகுந்தது வேறோரிடம் செல்லும் தொடர்பு இருப்பின் அது உள்கட்டமைப்பு ஆகும்.

தமிழ்த் தொடரைக் கேட்கும் வாசகர் மனத்தில் இத்தொடர்பு எழுவதில்லை. 'கட்டு' என்னும் வேர், கட்டப்படுவதையே முன்னிறுத்துகிறது. சாலை நடுவில் பூச்செடி வைப்பதும் மேம்பாலத் தூணில் கொடி படரவிடுவதும் இத்தொடரால் சுட்டப்படுகின்றன. மூலத்தில் ஒரு வாதமாக இருந்த தொடர், பெறுமொழியில் ஒரு அலங்காரமாக மாறிவிட்டது.

2. பசுமை: ஒரு சொல், முரண்பட்ட பொருள்கள்

'பசுமை' பழஞ்சொல். நிறம், இளமை, ஈரம், செழிப்பு, வாடாமை எனப் பல பொருள்களைத் தன்னுள் கொண்டது. நெடுநாள் வாடாத நினைவைப் 'பசுமையான நினைவு' என்கிறோம். இவ்வளவு நற்பொருள் பொதிந்த சொல் கலைச்சொல்லாக்கத்தில் அடையாகும்போது, அது சேரும் எப்பொருளுக்கும் நன்மதிப்பை ஏற்றிவிடுகிறது. ஆங்கிலத்திலும் இந்நிலை உண்டு. தமிழில் அது மிகுதி. சில சான்றுகள் காண்க.

'பசுமைப் புரட்சி' 1960களின் பிற்பகுதி முதல் வழங்குவது. உயர்விளைச்சல் விதையும் வேதியுரமும் பூச்சிக்கொல்லியும் இணைந்த வேளாண்முறையை அது குறிக்கிறது. இன்று அதே அடை, வேதியுரம் தவிர்த்த வேளாண்மைக்கும் வழங்குகிறது.

'பசுமை இல்ல வாயு' என்பது புவியை வெப்பமாக்கும் வாயு. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கப்பெற்ற 'பசுமை வீடுகள் திட்டம்' சூரிய மின்விளக்குடன் கூடிய வீடுகளை ஏழைகளுக்கு வழங்கியது. இல்லமும் வீடும் ஒருபொருட் பன்மொழி. ஒன்று தீங்கின் பெயர். மற்றொன்று நலத்திட்டத்தின் பெயர். செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தைக் 'குடில்' என்று பெயர்த்தவர்கள் இக்குழப்பத்தை ஓரளவு தவிர்த்தனர் எனலாம்.

இவற்றினும் கடுமையானது 'பசுமைவெளி விமான நிலையம்' என்னும் வழக்கு. மூலத்தில் இது முன்பு கட்டுமானம் எதுவும் இல்லாத நிலத்தில் புதிதாக எழுப்பப்படுவது என்னும் பொருளது. சுற்றுச்சூழல் நலன் பற்றிய கூற்று அதில் சிறிதும் இல்லை. வயலும் நீர்நிலையும் நிறைந்த இடத்தில் ஓடுபாதை அமைவதையே அச்சொல் பெரும்பாலும் குறிக்கும். செய்தித்தாள்கள் சில இதனைப் 'பசுமை விமான நிலையம்' என்று மேலும் சுருக்கின. 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டம் பற்றிய செய்திகளில் இவ்வழக்கைக் காணலாம். பசுமையை அகற்றுவதற்கு முன்னுள்ள நிலையைக் குறிக்கும் சொல், தமிழில் பசுமையை வளர்ப்பதைக் குறிப்பதாகப் பொருள் தருகிறது. இது சொற்குறை மட்டுமன்று; பொருள் தலைகீழாதல். 'புதுநில விமான நிலையம்' என்பது போன்ற நிறமற்ற பெயர்ப்பே இங்கு நேர்மையானது.

2018இல் சேலத்திற்கும் சென்னைக்கும் இடையே முன்மொழியப்பட்ட விரைவுச் சாலைக்கும் 'பசுமைவழிச் சாலை' என்று பெயரிடப்பட்டது. மக்களோ அதனை 'எட்டுவழிச் சாலை' என்றே வழங்கினர். தம் நிலத்தின் குறுக்கே செல்வது எவ்வளவு அகலம் என்பதை எண்ணுப்பெயர் சொல்லிற்று, அடைமொழி சொல்லவில்லை. எச்சொல் நிலைபெற்றது என்பது மொழியியலார் கருதத்தக்கது.

3. கெடிசும் குளமும்

நகரமைப்பில் இயற்கைக்கு இடம் தருதல் இந்தியாவிற்கு அண்மையில் வந்த கருத்து அன்று. உயிரியலாளராகத் தொடங்கி நகரமைப்பாளராக ஆன ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1914இல் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. சென்னையைக் குண்டுவீசித் தாக்கி, தமிழ்ப் பேச்சு வழக்கிற்கு 'எம்டன்' என்றொரு சொல்லையும் அளித்துச்சென்ற கப்பல் அதுவே. கெடிஸ் பொருள்களை மீண்டும் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். அவ்வாண்டே சென்னை மாகாண நகரங்கள் பற்றிய அவருடைய அறிக்கைகளும் வெளிவந்தன.

கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதே சுகாதாரம் என்று அக்காலத்து அதிகாரிகள் பலர் கருதினர். கெடிஸ் அதை மறுத்தார். குளம் வெப்பத்தைத் தணிக்கிறது, மிகைநீரைத் தாங்குகிறது. மீனும் வாத்தும் வளர்த்தால் கொசுவும் அடங்கும் என்பது அவர் கருத்து. பழைய தெருக்களை இடித்து நேராக்குவதற்கு மாறாக, இன்றியமையாத சில இடங்களில் மட்டும் சிறிது அகற்றி, எஞ்சியதைப் பேணும் முறையை அவர் வகுத்தார். அறுவை மருத்துவத்திலிருந்து அதற்குப் பெயரும் தந்தார். அதைப் 'பழமைவாத அறுவை' என்று பெயர்த்தால் அரசியற்பொருள் வந்து சேரும். 'பேணல்முறை அறுவை' என்பது மூலக்கருத்திற்கு அணுக்கமானது.

இவ்வறிக்கைகள் வெளிவந்து பத்தாண்டு நிறைவதற்குள், 1920களில், சென்னையின் நெடுங்குளமாக இருந்த மாம்பலம் ஏரியின் பரப்பில் தியாகராய நகர் உருவாகத் தொடங்கியது. அதன் வடபகுதியாகிய நுங்கம்பாக்கம் ஏரியும் பிற்காலத்தில் மறைந்தது. அவ்வேரிப் பரப்பில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரி காணும் சாலையும் நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரைச் சாலையும் ஆங்கிலப் பெயர்களில் இன்றும் உள்ளன, ஏரி இல்லை. பெயர்ப்பலகைகளில் இவை தமிழ் எழுத்தில் ஒலிபெயர்ப்பாக மட்டும் இடம்பெறும்போது, நிலத்தின் வரலாற்றைச் சொல்லும் கடைசிச் சான்றும் ஒலிக்கூட்டமாகிவிடுகிறது. தெருப்பெயரைப் பொருள்படப் பெயர்ப்பது இத்தகைய இடங்களில் ஆவணக் கடமையாகும்.

4. ஏரியும் நீர்நிலையும்

தமிழில் நீர் தேக்கும் அமைப்புகளுக்கு வழங்கும் சொற்கள் செறிந்த ஒரு பொருட்புலம். ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல், குளம், ஊருணி, குட்டை ஆகியவை ஒன்றற்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. சில வட்டார வேறுபாடுகள். சில அளவு வேறுபாடுகள். சில பயன் வேறுபாடுகள். ஊருணி குடிநீருக்கு, கண்மாய் பாசனத்திற்கு. தாங்குவது தாங்கல்; ஏந்துவது ஏந்தல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்கள் அவ்வினையைக் காத்து நிற்கின்றன.

இவற்றின் உறுப்புகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. நீர் கொண்டுவருவது வரத்துக்கால்; நீர் நிற்கும் உட்பரப்பு உள்வாய்; தடுப்பது கரை; பாசனத்திற்கு விடுவது மதகு; மிகைநீர் வழிவது கலிங்கு; அவ்வழிநீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்வது போக்குக்கால். ஓர் ஏரியின் போக்குக்கால் மற்றோர் ஏரியின் வரத்துக்கால் ஆகும். 1994இன் அறிக்கையும் 2013இன் கொள்கையும் வலியுறுத்திய வலைப்பின்னல் இச்சொற்களின் உறவிலேயே அமைந்துள்ளது.

இன்றைய திட்ட ஆவணங்களில் இவையனைத்தும் 'நீர்நிலை' என்னும் ஒரே சொல்லுள் அடங்குகின்றன. 'நீர்நிலை' நற்றமிழ்ச் சொல்லே. குறை அதன் மீதன்று. மேற்சொல் கீழ்ச்சொற்களை விலக்கிவிட்டுத் தனித்து வழங்கும்போது, உறுப்புகள் பெயரிழக்கின்றன. போக்குக்கால் 'மழைநீர் வடிகால்' ஆகிறது. கோடையில் வறண்ட உள்வாய் 'காலியிடம்' ஆகிறது. வடிகால் நீரை விரைந்து அகற்றுவதற்கு. போக்குக்கால் நீரை அடுத்த இடத்தில் சேர்ப்பதற்கு. நோக்கமே வேறு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் புகுந்த இடங்கள் பல பழைய ஏரிகளும் அவற்றை இணைத்த கால்களும் இருந்த தாழ்நிலங்கள். வரைபடம் மறந்ததை நீர் மறக்கவில்லை.

5. புறம்போக்கும் கழிவெளியும்

'புறம்போக்கு' வருவாய்த் துறைச் சொல். தீர்வைக்கு உட்பட்ட நிலத்தின் புறத்தே விடப்பட்டது என்பது பொருள். ஏரி, மேய்ச்சல் தரை, வண்டிப்பாதை, சுடுகாடு ஆகிய பொது நிலங்கள் இதில் அடங்கும். வரி தராதது என்னும் நிருவாகப் பொருள், பயன் தராதது என்னும் மதிப்பீட்டுப் பொருளாக நழுவி, இறுதியில் மனிதரை இகழும் வசவாகவும் ஆயிற்று. இழிபொருட்பேற்றிற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது. 2017இல் எண்ணூர்க் கழியை மையமாக வைத்து டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' இச்சொல்லை அதன் பழைய பொருளுக்கு மீட்க எடுத்த முயற்சி. மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைத் 'தரிசு' என்றோ 'அரசு காலி நிலம்' என்றோ பெயர்க்கும்போது, பொது உரிமை என்னும் கூறு விடுபடுகிறது.

பள்ளிக்கரணையின் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தென்சென்னையின் தாழ்நிலங்களில் வடியும் நீர் தங்கும் இப்பரப்பை அப்பகுதி மக்கள் 'கழிவெளி' என்னும் பொதுப்பெயரால் அழைத்தனர். உப்பங்கழி என்பதில் உள்ள 'கழி' நீர்ப்பரப்பு. குப்பையைக் குறிக்கும் 'கழிவு' வேறு வழக்கு. ஆயினும் கழிவெளி கழிவு கொட்டும் வெளியாகவே நடத்தப்பட்டது. பெருங்குடிக் குப்பைமேடு அதன்மேல் எழுந்தது. ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு பன்னாட்டு முதன்மை வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 'சதுப்பு' என்ற சொல் மிதிக்கத் தகாத சேற்றை நினைவூட்டுகிறது. 'ஈரநிலம்' அறிவியற் பொதுச்சொல். 'கழிவெளி' அந்நிலம் நீர் தங்கும் வெளி என்று சொல்கிறது. மூன்றையும் உரிய இடத்தில் பயன்படுத்தலாம். மூன்றாவதை மறப்பது இழப்பு.

6. கட்டடச் சொற்கள்

மேற்கூறியவற்றால், எங்கும் நாட்டு வழக்கை வைத்தாற் போதும் என்னும் முடிவுக்கு வருதல் கூடாது. கட்டட வடிவமைப்புச் சொற்கள் இதற்கு எச்சரிக்கை. 'பசுமைக் கூரை' என்னும் புதுச்சொல்லுக்கு ஈடாக மக்கள் வழக்கில் உள்ள 'மாடித்தோட்டம்' என்பதை வைக்கச் சிலர் விழைவர். பொருள்கள் வேறு. மாடித்தோட்டம் தொட்டியிலும் பையிலும் காய்கறி வளர்ப்பது. பசுமைக் கூரையோ, தளத்தின் மேல் நீர்புகாப் படலம், வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, மண், செடி என்று அடுக்கடுக்காக அமைந்து கூரையின் உறுப்பாகவே ஆவது. தளம் அதன் ஈரச்சுமையைத் தாங்குமாறு முன்னரே கணக்கிடப்பட வேண்டும். ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தால் ஒப்பந்தப்புள்ளி பிழைபடும். தளமும் விரிசல் விடக்கூடும்.

'முற்றம்' என்பதும் அவ்வாறே. கண்ணாடி வேய்ந்த நடுக்கூடத்தை முற்றம் என்று பெயர்க்கும் வழக்கு உள்ளது. முற்றம் வானத்திற்குத் திறந்தது, வெப்பக் காற்றை மேலே விடுவது, மழையை வாங்குவது. கண்ணாடிக் கூடம் நம் வெயிலில் வெப்பத்தைச் சிறைப்படுத்துவது. பழஞ்சொல்லின் குளிர்ச்சியைக் கடன்பெற்றுப் புதுப்பொருளை மறைப்பதும் பிழையான மொழிபெயர்ப்பே.

வெற்றி பெற்ற சொல்லொன்றும் இங்கு ஆய்வுக்குரியது. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய ஏற்பாட்டுக்கு 'மழைநீர் சேகரிப்பு' என்ற பெயர் நிலைத்தது. மூலச்சொல்லை ஒட்டிய 'மழைநீர் அறுவடை' அந்த அளவு வேரூன்றவில்லை. எளிமையால் சொல் பரவிற்று; ஆயின் 'சேகரித்தல்' கலத்தில் பிடித்துவைப்பதைக் குறிப்பது. பெரும்பான்மைக் கட்டடங்களில் வேண்டப்பட்டதோ, நீரை நிலத்தினுள் இறக்குதல். குழாயைத் தொட்டிக்குள் விட்டதோடு கடமை முடிந்ததாகக் கருதும் மனப்போக்கிற்குச் சொல் மட்டும் காரணமன்று. எனினும் 'செறிவூட்டல்' என்னும் துறைச்சொல் உடன் வந்திருப்பின் நோக்கம் தெளிந்திருக்கும்.

சீனா கடந்த பத்தாண்டில் பரப்பிய 'கடற்பஞ்சு நகரம்' என்னும் உருவகமும் இப்போது நம் ஆவணங்களில் நுழைந்துள்ளது. 'பஞ்சு நகரம்' என்று சுருக்கினால் நூற்பாலை நகரம் என்று கொள்வார் உளர். நீரை உறிஞ்சித் தேக்கிப் பின் விடுவது என்னும் செயலை 'நீருறிஞ்சு நகரம்' ஓரளவு உணர்த்தும். 'நீர்தாங்கு நகரம்' என்பதோ, தாங்கல் என்னும் பழஞ்சொல்லோடு உறவு கொண்டு பொருளையும் நிறைவாகத் தருகிறது.

7. முடிவுரை

தரப்படுத்திய கலைச்சொல் ஒன்றிருக்க, வட்டாரச் சொற்களைப் புகுத்தினால் சீர்மை கெடும் என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பல மாவட்டங்களுக்குப் பொதுவான சட்டத்தில் தாங்கலும் கண்மாயும் கலந்து வந்தால் பொருள்கொள்வதில் வழக்கு எழலாம். இதற்கு வழி, மேற்சொல்லை விலக்குவதன்று. அதன் வரையறைக்குள் கீழ்ச்சொற்களை எழுதுவது. 'நீர்நிலை என்பது ஏரி, கண்மாய், தாங்கல், ஊருணி ஆகியவற்றையும், அவற்றின் வரத்துக்கால், உள்வாய், கலிங்கு, போக்குக்கால் ஆகியவற்றையும் உள்ளடக்கும்' என்று ஒரு விதி சொல்லுமாயின், சீர்மையும் நிற்கும்; போக்குக்காலின் மேல் எழும் சுவரை எதிர்ப்பவருக்குச் சொல்லும் கிடைக்கும்.

'பசுமை' என்னும் அடையைப் பொறுத்தவரை, மொழிபெயர்ப்பாளர் அதனைச் சேர்க்குமுன் மூலச்சொல் எதைக் கூறுகிறது என்று வினவுதல் வேண்டும். செடியையா, ஆற்றல் சிக்கனத்தையா, கட்டுமானம் எழாத நிலத்தையா? ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச்சொல் இயலும். எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தைப் பூசுவது திட்டத்தை முன்மொழிவோருக்கு உதவும். அதன் விளைவை ஏற்பவருக்கு உதவாது. அறிவிக்கையின் வாசகர் இவ்விருவரில் இரண்டாமவரே என்பதை மனங்கொண்டு சொல் தேர்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.